சத்தமா வாசிங்க தம்பி

போன மாதம் பேரனுக்கு ஒரு சான்றிதழ் வாங்க அவன் பள்ளிக்கூடத்துக்குப் போயிருந்தேன். ஆபீஸ் அறைக்கு வெளியே பெஞ்சில் உட்காரச் சொன்னார்கள். உள்ளே பியூன் பரீட்சைத் தாள் உருட்டிக்கொண்டிருந்தார். பழைய சைக்ளோஸ்டைல் மெஷின். அந்த மையின் வாசனை இருக்கிறதே, விளக்கெண்ணெயும் மண்ணெண்ணெயும் கலந்து கொஞ்சம் கருகிப்போன மாதிரி, அது மூக்கில் ஏறியதும் என் வலது கை விரல்கள் தாமாகவே முழங்கால் மேல் தட்ட ஆரம்பித்துவிட்டன. பக்கத்திலிருந்த அம்மாள் என் கையைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள், பையை எடுத்துக்கொண்டு பெஞ்சின் அந்தக் கோடிக்கு நகர்ந்துவிட்டாள். அவள்மேல் தப்பில்லை. எழுபது வயதுக் கிழவன் ஒருவன் தன் தொடையிலேயே ஏதோ தட்டிக்கொண்டிருந்தால் நானும் நகர்ந்துதான் உட்காருவேன்.

என் விரல்கள் தட்டியது பியானோ பாடம். சைக்ளோஸ்டைல் மைக்கும் பியானோவுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். ஆனால் எனக்கு எதையும் நேராகச் சொல்லி வழக்கமில்லை. கொஞ்சம் சுற்றிக்கொண்டுதான் வரவேண்டும்.

எங்கள் குடும்பத்தில் யாரும் யாரையும் சட்டென்று நம்ப மாட்டோம். பால்காரர் படி பால் ஊற்றினால் அப்பா விரலை முக்கி நகத்தில் ஒரு சொட்டு வைத்துப் பார்ப்பார். யாராவது கல்யாணத்துக்கு நேரில் வந்து அழைத்தால், "தபால்ல போட்டிருக்கலாமே, எதுக்கு நேர்ல வந்தாரு" என்று இரண்டு நாள் யோசிப்பார். அவர் ஊருக்கு வெளியே ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். அங்கே பெரிய துரையின் மனைவி, நாங்கள் துரைசாணியம்மா என்போம், தன் வீட்டில் ஒரு பியானோ வைத்திருந்தார். எனக்கு எட்டு வயதிருக்கும்போது, ஜன்னலுக்கு வெளியே நின்று வேடிக்கை பார்த்த என்னை உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்துவிட்டார். வேலை கொடுத்தவரின் வீட்டம்மாள் கூப்பிடும்போது அனுப்ப முடியாது என்று அப்பாவால் சொல்ல முடியவில்லை. ஆனால் நான் தினமும் வகுப்பு முடிந்து வந்ததும் என் உச்சந்தலையைத் தடவிப் பார்ப்பார். ஈரமாக இருக்கிறதா என்று. தண்ணீர் தெளித்து மதம் மாற்றிவிடுவார்களோ என்ற பயம். ஐந்து வருஷம் தடவினார். தலை ஒருநாளும் ஈரமாக இல்லை. எனக்குத்தான் வியர்வை அதிகம், அதனால் சில நாள் விசாரணை நடக்கும்.

அந்த அம்மாள் கப்பலேறித் தன் ஊருக்குப் போனபோது எனக்குப் பதின்மூன்று வயது. அத்தோடு பியானோ முடிந்தது. பிறகு படிப்பு, பரீட்சை, சர்க்கார் ஆபீஸில் நகல் எழுதும் குமாஸ்தா வேலை, கல்யாணம். ஆரப்பாளையத்தில் வாடகை வீடு. பதினைந்து, பதினாறு வருஷம் நான் பியானோவை நினைக்கக்கூட இல்லை. மதுரையில் ஒரு குமாஸ்தா நினைத்துத்தான் என்ன ஆகப்போகிறது.

நாற்பத்திரண்டாம் வருஷம் ஆகஸ்டில் தலைவர்களையெல்லாம் பிடித்து உள்ளே போட்டார்களே, அதற்குப் பிறகு வந்த மாதங்கள். ஊரே ஒரு மாதிரி இருந்தது. நாலு பேர் நின்று பேசினால் ஐந்தாவதாக ஒருவர் வந்து நிற்பார். ஆபீஸில் கதர் உடுத்த ஒருத்தரை விசாரித்தார்கள் என்று கேள்விப்பட்டு, நான் வீட்டிலிருந்த ஒரே கதர்த் துண்டையும் கரித்துணியாக்கச் சொல்லிவிட்டேன். சுவரில் ராத்திரியோடு ராத்திரியாக நோட்டீஸ் ஒட்டியிருக்கும். அதன் பக்கம் முகத்தைத் திருப்பாமல் நடக்கப் பழகியிருந்தேன். படித்ததை யாராவது பார்த்துவிட்டால்?

அப்போது ஒருநாள் ஹெட் கிளார்க், ஒரு நகலைக் கொடுத்து, சிம்மக்கல்லில் ஒரு காண்டிராக்டர் வீட்டில் கொடுத்துவிட்டுப் போகச் சொன்னார். எனக்குப் போகிற வழிதான். காண்டிராக்டர் ராணுவத்துக்குக் கொட்டகை கட்டும் வேலையாக மாதத்தில் இருபது நாள் திருச்சிப் பக்கம் இருப்பவர். யுத்த நிதிக்குக் கொடுத்து அதிகாரிகளிடம் நல்ல பெயர். வீட்டில் அவருடைய மனைவி இருந்தார். சௌந்தரம் அம்மாள் என்று பெயர். என்னைவிட இரண்டு வயது மூத்தவராக இருப்பார். கையெழுத்துப் போட்டுத் தர உள்ளே போனார். நான் கூடத்தில் நின்றேன்.

சுவரோரம் பியானோ நின்றது. அது பியானோ என்று கண்டுபிடிக்கவே ஒரு நிமிஷம் ஆயிற்று. மேலே ஒரு குத்துவிளக்கு, ஓடாத கடிகாரம், மடித்த வேட்டிகள். யாரோ ஒரு துரை ஊரைவிட்டுப் போகும்போது ஏலத்தில் விட்டதை காண்டிராக்டர் பவிசுக்கு வாங்கிப் போட்டிருந்தார். மூடியைத் தூக்கினேன். அந்துருண்டை வாசனையும் எலி வாசனையும் சேர்ந்து அடித்தது. ஒரு கட்டையை அழுத்தினேன். பிறகு இன்னொன்று. பிறகு, நான் நினைத்துப் பார்ப்பதற்குள், வலது கை துரைசாணியம்மா சொல்லிக்கொடுத்த ஒரு நடையை வாசித்துக்கொண்டு போனது. எனக்கு மறந்துபோனது கைக்கு மறக்கவில்லை. 'அடுத்தது என்ன' என்று நான் யோசித்ததும் கை நின்றுவிட்டது. யோசிக்காமல் விட்டால் மறுபடியும் ஓடியது.

திரும்பிப் பார்த்தால் சௌந்தரம் அம்மாள் நிலைப்படியில் நிற்கிறார்.

"இது வாசிக்கத் தெரியுமா உங்களுக்கு?"

"சின்னப் பிள்ளையில படிச்சது. மன்னிக்கணும், கேக்காமத் தொட்டுட்டேன்."

"எதுக்கு மன்னிக்கிறது? சும்மாதான கெடக்கு." கொஞ்சம் யோசித்தார். "ஆபீஸ் விட்டுப் போறப்ப தெனமும் வந்து ஒரு மணி நேரம் வாசிச்சிட்டுப் போங்க தம்பி."

தினமும். ஒரு மணி நேரம். முன்பின் தெரியாத ஆளை. அப்பாவின் மகனாயிற்றே, ஆரப்பாளையம் வரைக்கும் அதையே யோசித்துக்கொண்டு நடந்தேன். இந்த அம்மாளுக்கு என்னிடம் என்ன வேண்டும்? காண்டிராக்டருடைய காகிதம் ஏதாவது எங்கள் ஆபீஸில் மாட்டிக்கொண்டிருக்கிறதா? மறுநாள் அவர் பெயரில் இருந்த கட்டுகளையெல்லாம் எடுத்துப் புரட்டினேன். எல்லாம் ஒழுங்காக இருந்தது. அது இன்னும் பெரிய சந்தேகத்தைக் கிளப்பியது. ஆனாலும் சாயங்காலம் ஐந்தரைக்கு அந்த வீட்டு வாசலில் நின்றேன்.

அந்த முதல் சில வாரங்களைப் பற்றி என்ன சொல்வது? விரல்கள் குச்சி மாதிரி இருந்தன. மோதிர விரலைத் தூக்கினால் சுண்டு விரலும் கூட வந்தது. இடது கைக்குச் சுத்தமாக எதுவும் நினைவில்லை. இரண்டு கட்டைகள் ஊமை. மற்றவை சுருதி இறங்கிக் கிடந்தன. சிறு வயதில் துரைசாணியம்மா ஸ்கேலை வைத்து என் மணிக்கட்டை உயர்த்திக்கொண்டே இருப்பார். இப்போது என் மணிக்கட்டு எப்படி இருந்தாலும் கேட்க ஆளில்லை. தப்பாக வாசித்தால் அந்த இடத்தையே பத்துத் தடவை வாசிப்பேன், யாரும் 'போதும்' என்று சொல்லவில்லை. இதனால் எனக்குப் பதவி உயர்வு கிடையாது, யாரும் மெச்சப்போவதும் இல்லை. பகல் முழுக்க அடுத்தவர் எழுதியதை எழுத்து மாறாமல் திருப்பி எழுதுகிற ஆள் நான். ஐந்தரை மணியிலிருந்து ஆறரை மணிவரை மட்டும் வேறு ஆளாக இருந்தேன்.

சந்தேகம் மட்டும் போகவில்லை. நான் வந்ததும் காப்பி வரும். பிறகு கூடத்துக்கும் உள்கட்டுக்கும் நடுவிலுள்ள கதவைச் சாத்திவிடுவார்கள். பெண்கள் புழங்குகிற இடம், சரி. ஆனால் ஜன்னல்கள் தெருப் பக்கம் விரியத் திறந்திருக்கும். எதிர்வீட்டில் குடியிருந்தவர் போலீஸ் ஏட்டு. அவருக்கு அப்போது ராத்திரி ரோந்து, அதனால் சாயங்காலம் வீட்டு வாசலில் சாய்வு நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். என் முதுகு முழுக்க அவர் கண் இருக்கிற மாதிரி இருக்கும்.

சௌந்தரம் அக்கா (இரண்டாம் வாரமே அக்காவாகிவிட்டார்) அவ்வப்போது கதவைத் திறந்து ஒரு வார்த்தை சொல்வார்.

"சத்தமா வாசிங்க தம்பி. அடுப்படி வரைக்கும் கேக்க மாட்டேங்குது."

எனக்குப் பெருமை தாங்காது. ஒருநாள் துரைசாணியம்மாவின் ஊர்ப் பாட்டு ஒன்றை, தாலாட்டு மாதிரி மெதுவாகப் போவது, எனக்கு ரொம்பப் பிடித்தது, வாசிக்க ஆரம்பித்தேன். நாலு வரி போவதற்குள் கதவு திறந்தது.

"அந்தத் தூங்குற பாட்டு வேணாம் தம்பி. பட்டாளத்துக்காரன் நடக்குற மாதிரி ஒண்ணு வாசிப்பீங்களே, அத வாசிங்க."

அவர் கதவைப் பிடித்திருந்த கையில் கட்டைவிரல் கறுப்பாக இருந்தது. நான் பார்ப்பதைப் பார்த்து, "கண்மை கூட்டினேன்" என்றார்.

வீட்டில் என் மனைவி பாக்கியம் வேறு மாதிரி விசாரணை நடத்திக்கொண்டிருந்தாள்.

"அந்த வீட்டு ஆம்பள ஊர்ல இருக்காரா?"

"இல்ல, திருச்சிப் பக்கம்."

"அப்படிச் சொல்லுங்க." தட்டை என் முன்னால் வைத்துவிட்டு, "எந்த ஊர்ல ஒரு பொம்பள கூப்பிட்டு வச்சு, காப்பியும் குடுத்து, சும்மா பொட்டி வாசிக்கச் சொல்றா?"

எனக்கும் அதே கேள்விதானே. சட்டையைக் கழற்றிப் போட்டால் எடுத்து முகர்ந்து பார்ப்பாள். ஒருநாள் சொன்னாள்: "என்னமோ மை வாசம் அடிக்குது."

"ஆபீஸ்ல நாள் பூரா மைதான."

"இது ஆபீஸ் மை இல்ல. அது எனக்குத் தெரியாதா?"

என்னைவிட அவள்தான் முதலில் கண்டுபிடித்தவள் என்பதை இப்போதாவது ஒத்துக்கொள்கிறேன்.

நான் கண்டுபிடித்தது பியானோவின் மிதிகட்டை உடைந்ததால். பட்டாள நடையை ஓங்கி வாசித்துக்கொண்டிருந்தபோது காலடியில் டக்கென்று ஒரு சத்தம். பயந்து கையை எடுத்துவிட்டேன். கூடம் அமைதியாயிற்று. அந்த அமைதியில் உள்ளேயிருந்து கடக், சரக், கடக், சரக் என்று ஒரு சத்தம் வந்தது. மூன்று சுற்று வந்து, அதுவும் நின்றது.

நான் மறுபடி வாசித்தேன். நடுவில் சட்டென்று நிறுத்தினேன். கடக், சரக். நின்றது. இன்னொரு தடவை செய்து பார்த்தேன். சந்தேகக்காரன் இரண்டோடு விட மாட்டான். மூன்றாவது தடவை கதவு திறந்தது.

"ஏன் தம்பி நிறுத்தி நிறுத்தி வாசிக்கிறீங்க?"

"உள்ள என்னக்கா சத்தம்?"

"மாவரைக்கிறோம்."

"ஆட்டுக்கல்லு இப்படியா சத்தம் போடும்?"

அவர் ஜன்னல் வழியாக எதிர்வீட்டைப் பார்த்தார். பிறகு என்னை. "மொதல்ல வாசிங்க. வாசிச்சுக்கிட்டே கேளுங்க" என்று பக்கத்தில் வந்து நின்றார். நான் ஸ்வர வரிசையை ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தேன். அவர் என் காதருகில் சொன்னார். உள்ளே தாள் உருட்டும் சைக்ளோஸ்டைல் மெஷின் ஒன்று இருக்கிறது. வாரம் முழுக்க நோட்டீஸ் ஓடுகிறது. ராத்திரியில் ஓட்டினால் தெரு முழுக்கக் கேட்கும். பகலில் வேலைக்காரர்கள் இருக்கிறார்கள். "நீங்க அன்னைக்கு வந்து மூடியத் தூக்கி வாசிச்சீங்க பாருங்க, அப்பத்தான் தோணுச்சு."

"காண்டிராக்டருக்குத் தெரியுமா?"

"தெரியாது. தெரிஞ்சா வீட்ல வச்சிருக்க மாட்டாக." ராணுவத்துக்குக் கொட்டகை கட்டுபவரின் வீடு என்பதால்தான் அது யாரும் நுழையாத இடம் என்றார். "ஒங்களுக்குச் சொல்லக் கூடாதுன்னு இருந்தேன். தெரியாத ஆளுக்குக் குத்தம் இல்லேல்ல?"

அப்போது என் மனதில் வந்தது ஜெயில் இல்லை, வேலை போவது இல்லை. அதெல்லாம் பிறகு வந்தது. முதலில் வந்தது, 'அப்படியானால் ஒருத்தரும் கேட்கவில்லையா?' என்பதுதான். சத்தமாக வாசி என்றது கேட்பதற்காக இல்லை. பட்டாள நடை பிடித்திருந்ததால் கேட்கவில்லை, மெஷின் சத்தத்துக்கு அது பொருந்தி வந்ததால் கேட்டார்கள். ஆறரை மணிக்கு மூடியைச் சாத்திவிட்டு, சொல்லிக்கொள்ளாமல் வெளியே வந்துவிட்டேன்.

பாக்கியத்திடம் சொன்னேன். அடுப்பு ஊதிக்கொண்டிருந்தவள் ஊதுகுழலைக் கீழே வைத்தாள்.

"அம்புட்டுத்தானா?"

"அம்புட்டுத்தானாவா? மாட்டினா நான் உள்ள போகணும். வேலை போகும்."

"அது சரி" என்றாள். ஆனால் ஒரு மாதமாக அவள் முகத்தில் இல்லாத நிம்மதி அன்றைக்கு இருந்தது. எனக்கு அது கொஞ்சம் வருத்தமாகக்கூட இருந்தது.

நாலு நாள் வேறு வழியாக வீட்டுக்குப் போனேன். ஐந்தாம் நாள், எந்தச் சந்தில் போனாலும் வரக்கூடிய ஆள் எதிரே வந்தார். ஏட்டு. சீருடை இல்லை, தோளில் துண்டு.

"என்ன சார், நாலு நாளாப் பொட்டிச் சத்தத்தையே காணோம்?"

"கை வலி, ஏட்டையா."

"அப்படியா. பழகிப்போச்சு பாருங்க. அது இல்லேன்னா தெருவுல வேற வேற சத்தமெல்லாம் கேக்குது." சிரித்தார். சிரித்தாரா, வெற்றிலையை ஒதுக்கினாரா, எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

மறுநாள் போனேன். பயத்தில்தான் போனேன், தேசத்துக்காகப் போனேன் என்று சொன்னால் அது பொய். நான் போகாமலிருப்பதுதான் இப்போது ஆபத்து என்று பாக்கியமும் சொன்னாள். அக்கா எப்போதும்போலக் காப்பி கொடுத்துவிட்டுக் கதவைச் சாத்தினார். நான் வாசித்தேன். ஆனால் அது முன்பு மாதிரி இல்லை. காது உள்ளேயே இருந்தது. அது வேகமாகப் போனால் நானும் வேகமாக, அது நின்றால் எனக்கு மூச்சு நின்றது. ஆபீஸ் வேலையைவிடக் கஷ்டமாக இருந்தது.

ஒரு வாரம் போயிருக்கும். பட்டாள நடை பாதி ஓடிக்கொண்டிருக்கிறது, பின்னால் செருப்பைக் கழற்றும் சத்தம். ஏட்டு உள்ளே வந்து சுவரோர பெஞ்சில் உட்கார்ந்தார்.

"நிறுத்த வேணாம். வாசிங்க. எதுக்கால ஒக்காந்தே கேக்குறோம், ஒருநாள் பக்கத்துல இருந்து கேப்போமேன்னு வந்தேன்."

உள்ளே அவர்களுக்கு இது தெரியாது. கடக், சரக். கையை எடுத்தால் முடிந்தது. அந்த நடையை நாலு தடவை வாசித்தேன். பிறகு மூன்று ஜெபப் பாட்டை, ஜெபத்துக்குச் சம்பந்தமே இல்லாத வேகத்தில். பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவில் இடைவெளி விழாமல் ஸ்வர வரிசை.

"இது என்ன பாட்டு?" என்றார்.

"இது பாடம், ஏட்டையா."

"நெறைய பாடமா இருக்கே."

உள்ளே ஏதோ தகரம் விழுந்தது. நான் இரண்டு கையையும் சேர்த்து அழுத்தினேன். தோள்பட்டை எரிந்தது, வியர்வை கண்ணில் இறங்கியது, துடைக்கக் கை இல்லை. எவ்வளவு நேரம் என்று சொல்ல முடியாது. கடைசியில் உள்ளே தானாக நின்றது. அன்றைய வேலை முடிந்திருக்க வேண்டும். நானும் நிறுத்தினேன்.

ஏட்டு எழுந்தார். ஜன்னல் பக்கம் போய்த் தன் வீட்டு நாற்காலியைப் பார்த்தார்.

"நல்லா வாசிக்கிறீங்க சார். ஆனா ஒண்ணு. அடுத்த வாரத்துலருந்து இந்தத் தெருவுல என்கூட இன்னும் ரெண்டு பேர் ஒக்காருவாங்க. அவங்க என்னய மாதிரி இல்ல, கேக்குறத எல்லாம் எழுதுற ஆளுங்க." துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "மாவரைக்கிறவங்ககிட்டயும் சொல்லிருங்க. வாரேன்."

அவர் எப்போதிலிருந்து அறிந்திருந்தார்? ஏன் சொன்னார்? தெரியாது. அவரைப் பார்க்கும்போதெல்லாம் கேட்க நினைத்து, இதுவும் ஒரு பொறியாக இருக்குமோ என்று பேசாமல் போவேன். அவரும் கேட்கவில்லை. பிறகு மேலூர்ப் பக்கம் மாற்றலாகிப் போய்விட்டார்.

இரண்டு நாளில் மெஷின் வைக்கோல் வண்டியில் வீட்டைவிட்டுப் போனது. எந்த ஊருக்கு என்று நான் கேட்கவில்லை, அக்காவும் சொல்லவில்லை. என் வேலையும் முடிந்தது என்று நினைத்து, மூடிமேல் குத்துவிளக்கைத் திருப்பி எடுத்து வைத்தேன்.

"நாளைக்கு வர மாட்டீங்களா?" என்றார்.

"இனி எதுக்குக்கா?"

"வாங்களேன்."

மறுநாள் உள்கதவு திறந்தே இருந்தது. நான் தாலாட்டு மாதிரியான அந்த மெதுவான பாட்டை வாசித்தேன். முழுக்க வாசித்தேன். அக்கா முறத்தோடு வந்து தரையில் உட்கார்ந்து அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். முடிந்ததும் கேட்டேன்.

"உண்மையச் சொல்லுங்கக்கா. என் வாசிப்பு எப்படி?"

கை நின்றது. "உண்மையச் சொல்லவா? இத்தன நாள் நான் கேட்டதே இல்ல தம்பி. காது பூரா மெஷின்லயும் வாசல்லயும். இன்னைக்குத்தான் கேக்குறேன்." ஒரு கல்லைப் பொறுக்கி எறிந்தார். "எல்லாம் ஒண்ணு போலத்தான் இருக்கு. ஆனா வாசிங்க. நல்லாத்தான் இருக்கு."

அதற்குப் பிறகு இரண்டு வருஷத்துக்கும் மேல் வாசித்தேன். வாரத்தில் மூன்று நாள், நாலு நாள். பாக்கியமும் சில நாள் வருவாள். முதலில் வேவு பார்க்க வந்தாள், பிறகு அக்காவோடு பேச வந்தாள். அவள் முணுமுணுக்கும் ஒரு தெம்மாங்கை வாசித்துக் காட்ட ஒருநாள் முயன்றேன். முக்கியமான இடத்தில் ஒரு ஸ்வரம் கறுப்புக் கட்டைக்கும் வெள்ளைக் கட்டைக்கும் நடுவில் எங்கேயோ இருந்தது, பியானோவில் அது கிடையாது. பாக்கியம் அதை வாயால் பாடி இட்டு நிரப்பினாள். மூன்று பேரும் சிரித்தோம். அந்த இரண்டு வருஷத்தில் நான் ஒன்றும் பெரிதாக முன்னேறவில்லை. ஆனால் எதற்கு வாசிக்கிறேன் என்று ஒருநாளும் யோசிக்கவில்லை.

யுத்தம் முடிந்த கையோடு காண்டிராக்டர் பியானோவை விற்றுவிட்டு மதராஸுக்குக் குடும்பத்தை மாற்றினார். யார் வாங்கினார்கள் என்று தெரியாது. அக்கா தவறிப் பல வருஷம் ஆகிறது. சிம்மக்கல் வீட்டை இடித்துவிட்டார்கள். இப்போது அங்கே மொத்த வியாபாரக் கடை, வாசல் முழுக்க வெங்காய மூட்டை. பாக்கியமும் இல்லை.

பள்ளிக்கூடத்தில் அந்த மை வாசனை அடித்த பிறகு இரண்டு நாள் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. அக்காவின் மகன் திருநகரில் வீடு கட்டி வந்திருப்பதாகக் கேள்வி. அவர் பிறந்ததே மெஷின் போன பிறகுதான். ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிப் போனேன். நல்ல மனிதர், நாற்காலி போட்டு, காப்பி கொடுத்தார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் முகத்தில் ஒன்றும் அசையவில்லை.

"எங்க அம்மாவா? அம்மா தனியாக் கடைவீதிக்குக்கூடப் போனதில்லையே சார்."

"வெளிய போகல தம்பி. வீட்டுக்குள்ளயேதான்."

"எங்க வீட்டுல பியானோ இருந்ததா? யாரும் சொன்னதில்லையே." பிறகு நிதானமாகக் கேட்டார். "அந்த நோட்டீஸ் ஒண்ணாச்சும் உங்ககிட்ட இருக்குதா?"

இல்லை. இருந்திருக்க முடியாது. அப்போதுதான் எனக்கே உறைத்தது. அந்தத் தாளில் என்ன எழுதியிருந்தது என்றுகூட எனக்குத் தெரியாது. அத்தனை நாள் வாசித்தும் ஒரு தாளைக் கையில் வாங்கிப் படித்ததில்லை. பயம்.

அவர் தம்ளரை எடுத்துக் கீழே வைத்தார். "சார், தியாகி பென்ஷனுக்குச் சாட்சிக் கையெழுத்து ஏதும் வேணும்னா நேராவே சொல்லுங்க. எனக்குத் தெரியாத விஷயத்துக்கு நான் கையெழுத்துப் போட முடியாது. தப்பா நெனச்சுக்காதீங்க."

தப்பாக நினைக்கவில்லை என்று சொல்லி எழுந்தேன். வாசல்வரை வந்தார். நான் நடந்து போய், பஸ் வந்து, ஏறி உட்காரும்வரை கேட்டில் கை வைத்தபடி என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்.